பிடியும் பயமும்

சைக்கிள் விடக் கற்றுக்கொண்ட கதையைச் சொல்லாத எழுத்தாளர் தமிழில் அநேகமாக இல்லை. முழங்கால் தழும்பைக் காட்டி, "இது பன்னிரண்டாம் வயதில் பட்டது" என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்கெல்லாம் ஒரு பெருமை. நானும் அந்தத் தழும்பை இரண்டு கதைகளில் உபயோகித்துச் சன்மானம் வாங்கியிருக்கிறேன். ஆனால் சைக்கிளை நிறுத்தக் கற்றுக்கொண்ட கதையை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. விடுவதுதான் வித்தை, நிற்பது தானாக வந்துவிடும் என்று எண்ணிவிடுகிறோம். கதை எழுதுகிறவனுக்காவது புத்தி இருக்க வேண்டும். ஆரம்பிப்பது எவ்வளவு சுலபம், நிறுத்துவது எவ்வளவு பிராணசங்கடம் என்று மாதா மாதம் அனுபவிக்கிறவன் அல்லவா! ஆனாலும் போன கோடை விடுமுறை வரையில் எனக்கும் அந்த ஞானம் இல்லை.

எங்கள் ஊர் கும்பகோணம். ஆற்றுப் பாலங்களை விட்டால், மேடு என்று சொல்லிக்கொள்ள அங்கே வேறொன்றும் கிடையாது. அப்பாவிடம் ஒரு கறுப்புச் சைக்கிள் இருந்தது. கம்பி பிரேக் வைத்தது. ஹாண்டில்பாருக்கு அடியில் அதை ஒட்டியே ஒரு நீண்ட இரும்புப் பிடி ஓடும். அதை மேலே இழுத்தால் கம்பிகள் இழுபட்டு, இரண்டு ரப்பர்க் கட்டைகள் சக்கர வளையத்தை உட்புறத்திலிருந்து கவ்வும். எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற விவகாரம். தேய்ந்தால் கட்டையை மாற்ற வேண்டும். தளர்ந்தால் நட்டைத் திருக வேண்டும். மழையில் நனைந்துவிட்டால் கடவுளை வேண்டிக்கொண்டு செருப்பைத் தரையில் தேய்க்க வேண்டும். பிரேக் சாஸ்திரம் அவ்வளவுதான் என்று முப்பது வருஷங்களுக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தேன்.

என் தங்கைக்கு அந்தச் சைக்கிள் வரவில்லை. நாலு நாள் முயன்று பார்த்தாள். ஐந்தாம் நாள் அரசலாற்றுப் பாலத்துச் சரிவில் நிறுத்த முடியாமல் ஒரு வைக்கோல் வண்டியின் பின்புறத்தில் போய் மோதிக்கொண்டாள். அடி ஒன்றும் பலமில்லை. ஆனால் அதற்கப்புறம் அவள் சைக்கிளைத் தொடவில்லை. "பயந்தாங்கொள்ளி" என்று பட்டம் கொடுத்தவன் நான். வீட்டில் எல்லோரும் அந்தப் பட்டத்தை வழிமொழிந்தார்கள். இதை இப்போதே சொல்லி வைப்பதற்குக் காரணம் உண்டு.

அந்தத் தங்கைதான் இப்போது கோத்தகிரியில் குடித்தனம் நடத்துகிறாள். மாப்பிள்ளைக்குத் தேயிலைத் தோட்டத்தில் உத்தியோகம். மூத்தவன் சென்ற ஆண்டு கல்லூரிக்குப் போய்விட்டான். இரண்டாவது பெண்ணுக்குப் பதினான்கு வயது. ஆள் சிறு கூடு, கையும் சிறிசு. வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவார்கள். அண்ணன் விட்டுப்போன மௌண்டன் பைக் அவளுக்குப் பட்டாபிஷேகம் ஆகியிருந்தது. தடித்த டயர், முன்பக்கம் ஸ்பிரிங் வைத்த கால், இரண்டு சக்கரங்களிலும் ஓட்டை ஓட்டையாகப் பளபளக்கும் டிஸ்க், ஹாண்டில்பாரில் இரண்டு குட்டை லீவர்கள். அந்த லீவருக்கும் டிஸ்குக்கும் நடுவே கம்பியையும் காணோம், வயரையும் காணோம். ஒரு மெல்லிய கறுப்புக் குழாய் மாத்திரம் வளைந்து போயிற்று.

வந்த மறுநாளே கவனித்துவிட்டேன். பாப்பா மேட்டில் ஏறும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்து ஏறிவிடுகிறாள். சரிவு வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறாள். மற்றக் குழந்தைகள் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே விர்ரென்று இறங்கிப் போக, இவள் மட்டும் எருமையை ஓட்டிப் போகிற மாதிரி சைக்கிளை நடத்திக்கொண்டு வருகிறாள்.

"அம்மாவைக் கொண்டிருக்கிறாள்" என்றேன் மாப்பிள்ளையிடம். தங்கை சமையலறையில் இருந்தாள். அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். பதில் வரவில்லை.

மாலையில் பாப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தைரியத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன். நல்ல பிரசங்கம். அச்சில் வந்திருந்தால் மூன்று பக்கம் வரும். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"பயமெல்லாம் இல்லை மாமா. எட்டலை."

"எட்டும், எட்டும். மனசு வைத்தால் எட்டாதது எது?" என்றேன்.

இந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தக் குழந்தை விரலைப் பற்றிப் பேசியது. நான் வேதாந்தம் பேசினேன்.

மறுநாள் காலையில் அவள் சைக்கிளில் உட்கார்ந்து எனக்குக் காட்டினாள். கட்டை விரலால் பிடியைச் சுற்றிக்கொண்டு மற்ற விரல்களை நீட்டினால், ஆள்காட்டி விரலின் நுனி மாத்திரம் லீவரைத் தொடுகிறது. இழுக்க வேண்டுமானால் கையையே பிடியிலிருந்து முன்னால் தள்ள வேண்டும். கல்லும் வேருமாகக் குலுக்குகிற சரிவில் அப்படிச் செய்தால் ஹாண்டில்பார் கையை விட்டே போய்விடும். அண்ணன் ஆறடி உயரம். லீவர் அவன் கைக்கு வைத்தது.

'இவ்வளவுதானே!' என்று எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. லீவரின் முதுகில் ஒரு சிறு திருகு இருந்தது. மாப்பிள்ளையின் பெட்டியில் ஆலன் கீ இருந்தது. திருகத் திருக லீவர் சமர்த்தாகப் பிடியை நோக்கி நகர்ந்து வந்தது. பாப்பாவின் விரல் இரண்டாவது கணுவரை அதன்மேல் படிகிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைத்துவிட்டு, "போய்ட்டு வா" என்றேன். நின்ற இடத்தில் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்குப் பின்னால் தோட்டத்துப் பாதை சரிவாக இறங்கி, நூறு கஜத்தில் வளைகிறது. அந்த வளைவுக்கு அப்பால் பத்தடி ஆழத்துக்கு மண் வெட்டியிருக்கிறது. பாப்பா ஏறி உட்கார்ந்து இறங்கினாள். பாதி தூரத்தில் லீவர்களை இழுத்தாள். வலதுகை லீவர் வந்து வந்து, பிடியைத் தொட்டுவிட்டது. முன்சக்கரம் கேட்கவே இல்லை. பின்பிரேக் கொஞ்சம் பிடித்தது. வேகம் சற்றே மட்டுப்பட்டது, அவ்வளவுதான். வளைவுக்குப் பத்துப் பன்னிரண்டு அடி முன்னால் அவள் ஹாண்டில்பாரை உள்பக்கமாக ஒடித்துத் தேயிலைச் செடிகளுக்குள்ளே சாய்ந்தாள்.

நான் ஓடினேன். என் உடம்புக்கு அது பெரிய ஓட்டம். முழங்கையில் கீறல், கன்னத்தில் ஒரு கோடு. அவள் அழவில்லை. "நான்தான் வளைச்சேன் மாமா" என்றாள். பயந்தாங்கொள்ளி செய்கிற காரியமா அது?

தங்கை வந்து மகளைத் தூக்கி நிறுத்தி, உடம்பு முழுவதும் தடவிப் பார்த்தாள். வளைவுக்கு அப்பால் இருந்த பள்ளத்தையும் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். என்னை ஒன்றும் சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

அடுத்த நாள் மாப்பிள்ளை, பாப்பா, நான் மூவரும் சைக்கிளைக் காரில் போட்டுக்கொண்டு கோயமுத்தூருக்குப் புறப்பட்டோம். முன்சக்கரத்தைக் கழற்றினால்தான் வண்டிக்குள் அடங்கிற்று. மேட்டுப்பாளையம் வரையில் மலை இறங்கும் நேரமெல்லாம் நான் பின்ஸீட்டில் உட்கார்ந்து, பிராயச்சித்தம் செய்கிறவனைப் போல் அந்த வலதுகை லீவரை அழுத்தி அழுத்தி ஆராய்ந்துகொண்டே வந்தேன். ஆச்சரியம்! கீழே வர வர லீவர் கெட்டியாகிவிட்டது. 'நம் கை பட்டுச் சரியாகிவிட்டது போலிருக்கிறதே' என்றுகூட நினைத்தேன். கடை வாசலில் சக்கரத்தை மாட்டப் போனால் டிஸ்க் உள்ளே நுழையவே மாட்டேன் என்கிறது. இரண்டு பிரேக் கட்டைகளும் ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தன.

கடைக்காரர் அறுபது வயது மதிக்கத்தக்கவர். சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சக்கரம் இல்லாமப் பிரேக்கை அமுக்கினீங்களாங்க?"

"லேசாக" என்றேன்.

"மலை பூராவும் அமுக்கிட்டே வந்தார்" என்றாள் பாப்பா.

அவர் சிரிக்கவில்லை. பிளாஸ்டிக் நெம்பு ஒன்றை நடுவே கொடுத்துக் கட்டைகளை மெதுவாக விலக்கினார். பிறகு இழுப்பறையிலிருந்து உதவாமல் போன பழைய லீவர் ஒன்றை எடுத்துத் திறந்து மேஜைமேல் வைத்து, "வா அம்மிணி, நீயும் பாரு" என்று பாப்பாவைக் கூப்பிட்டார். அன்று அந்த மேஜையருகில் நான் படித்த பாடம், கல்லூரியில் இரண்டு வருஷம் படித்த பௌதிகத்தைவிட நன்றாக மனத்தில் தங்கியிருக்கிறது.

லீவர் ஒரு கீலில் ஆடுகிறது. நாம் அதை இழுக்கும்போது, கீலை ஒட்டியுள்ள அதன் குட்டை வால் ஒரு சிறு கோலைத் தள்ளுகிறது. கோல் ஒரு பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டனுக்கு முன்னால் எண்ணெய். மேலே ஒரு சின்னத் தொட்டி. தொட்டிக்கும் பிஸ்டன் ஓடும் குழலுக்கும் நடுவே ஊசிமுனை போல் ஒரு துவாரம். பிஸ்டன் அந்தத் துவாரத்தைக் கடக்கிற வரையில் எண்ணெய் தொட்டிக்கே திரும்பிப் போய்விடும். பிரேக்குக்கு ஒன்றும் போகாது. வாய்க்காலில் மடை திறந்திருக்கும்போது தண்ணீர் வயலுக்கு ஏறாத மாதிரிதான். துவாரம் மூடியதும் எண்ணெய்க்கு வேறு போக்கிடம் இல்லை. குழாய் வழியே சக்கரத்தடிக்குப் போய் அங்குள்ள பெரிய பிஸ்டன்களைத் தள்ளுகிறது. அவை கட்டைகளை டிஸ்கின்மேல் அழுத்துகின்றன. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எங்கும் குறையாமல் பரவும் என்று பிரான்ஸ் தேசத்துப் பாஸ்கல் பதினேழாம் நூற்றாண்டில் சொன்னது இதுதான். கீழேயுள்ள பிஸ்டனின் பரப்பு மேலேயுள்ளதைப் போல் நாலு மடங்கு என்றால் அங்கே பலமும் நாலு மடங்கு. ஆனால் இயற்கை இனாம் கொடுப்பதில்லை. நகரும் தூரம் நாலில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் லீவர் அவ்வளவு தூரம் வந்தாலும் கட்டை நகர்வது ஒரு மயிரிழை.

அந்த மயிரிழையை அளந்து கொடுப்பது ஒரு ரப்பர் வளையம். கீழ்ப் பிஸ்டனைச் சுற்றிச் சதுர வெட்டாக உட்கார்ந்திருக்கிறது. பிஸ்டன் முன்னால் போகும்போது இந்த வளையமும் அதைப் பற்றியபடியே சற்று வளைந்துகொடுக்கும். லீவரை விட்டதும் நிமிர்ந்துகொண்டு பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். கட்டை தேய்ந்து, போகவேண்டிய தூரம் கூடிவிட்டால், பிஸ்டன் வளையத்துக்குள் வழுக்கி ஒரு படி முன்னேறி அங்கேயே தங்கிவிடும். காலியான இடத்துக்குத் தொட்டியிலிருந்து எண்ணெய் வரும். தேய்மானத்தைத் தானே சரிக்கட்டிக்கொள்கிற புத்திசாலித்தனம் அது. சக்கரம் இல்லாமல் நான் அழுத்தியபோது, கட்டைதான் தேய்ந்துவிட்டது என்று அது நம்பிப் படிப்படியாக முன்னேறிவிட்டது. இடைவெளி அடைந்ததால் லீவர் கெட்டியாயிற்று. என் கைராசி அல்ல.

"சரி, நேற்று ஏன் பிடிக்கவில்லை?" என்று கேட்டேன்.

"நீங்க திருகினது தப்பில்லைங்க. பாதி வேலை" என்றார் அவர்.

லீவர் விஷயத்தில் இரண்டு தூரங்கள் உண்டு. சும்மா இருக்கும்போது லீவர் பிடியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது ஒன்று. இழுக்க ஆரம்பித்தபின் எந்த இடத்தில் கட்டை கவ்வுகிறது என்பது மற்றொன்று. நான் திருகிய திருகு முதல் தூரத்துக்கு உரியது. அது லீவரை ஓர் அங்குலம் உள்ளே கொண்டுவந்தால் கவ்வும் இடமும் கூடவே உள்ளே வந்துவிடும். அண்ணன் வைத்திருந்த தூரத்தில், நீண்ட நேரம் வந்து கவ்வினாலும் பிடிக்கு முன்னால் இடம் மிச்சம் இருந்தது. நான் அந்த மிச்சத்தைத் தின்றுவிட்டேன். முன்பிரேக் குழாயில் காற்று வேறு புகுந்திருந்தது. எண்ணெய் அழுத்தத்துக்குச் சுருங்காது என்றே சொல்லலாம், காற்று சுருங்கும். விரலின் பலமெல்லாம் அந்தக் காற்றை அமுக்குவதிலேயே செலவாகி, கவ்வ வேண்டிய நேரத்தில் லீவர் பிடியில் முட்டிக்கொண்டது. சில லீவர்களில் கவ்வும் இடத்தை மாற்றவும் தனியாக ஒரு திருகு உண்டு. ஆனால் காற்று இருக்கும்போது எந்தத் திருகும் உதவாது.

"பஞ்சு மாதிரி இருந்தா முதல்ல ஏர் எடுக்கோணும்" என்று சொல்லிவிட்டு, எந்த எண்ணெய் என்று லீவரின் மூடியில் பார்த்தார். இந்த பிரேக்குகளில் இரண்டு ஜாதி எண்ணெய் உண்டு. ஒன்று கனிம எண்ணெய். மற்றொன்று கார் பிரேக்கில் ஊற்றுகிற டாட் எண்ணெய். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஒன்றுக்கு உரியதில் மற்றதை ஊற்றினால் ரப்பர் வளையங்கள் கெட்டுப் போகும். பாப்பாவினுடையது கனிம எண்ணெய். அவர் மேலே ஒரு கிண்ணியை மாட்டிக் கீழிருந்து ஊசிக்குழலால் எண்ணெயை ஏற்ற, கொப்புளம் கொப்புளமாகக் காற்று வெளியே வந்தது. நேற்று என் மருமகளைத் தேயிலைச் செடியில் தள்ளிய சத்துரு இந்தக் கடுகத்தனைக் கொப்புளங்களா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

காற்றுப் போனதும், பாப்பாவைச் சைக்கிளில் உட்காரவைத்து அவள் கைக்குத் தைப்பதுபோல் அளவெடுத்தார். முதலில் லீவரைப் பிணைக்கும் வளையத்தைத் தளர்த்தி முழு லீவரையும் ஹாண்டில்பாரின் நடுவை நோக்கித் தள்ளினார். ஏன் என்று கேட்டேன். "பாக்கு வெட்டறப்போ நடுவுல பிடிப்பீங்களா, நுனியில பிடிப்பீங்களா?" என்றார். லீவரின் வளைந்த நுனியில் ஆள்காட்டி விரல் விழும்படி வைத்தால் ஒரு விரல் பலம் போதும். மற்ற விரல்கள் ஹாண்டில்பாரை விடவேண்டியதில்லை. அப்புறம் மணிக்கட்டு மடங்காமல் முன்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே கோட்டில் வரும்படி லீவரைச் சாய்த்தார். பிறகுதான் என்னுடைய திருகுக்கு வந்தார். ஆள்காட்டி விரலின் முதல் கணு லீவரில் படியும் இடத்தில் நிறுத்தி, அழுத்தச் சொன்னார். பிடிக்கு வெகு முன்பாகவே கட்டை கவ்விற்று. வளையத்தையும் கடைசிவரை முறுக்கவில்லை. "விழுந்தா லீவர் திரும்பிக்கோணும். அசையாம நின்னா ஒடிஞ்சு போகும்" என்றார்.

ஊர் திரும்பியபின் இந்த லீவரின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். கலிபோர்னியாவில் மாரின் கவுண்டியில், 1976-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி, சில வாலிபர்கள் பழைய தடித்த சைக்கிள்களில் ஒரு மலைப்பாதையில் இறங்கிப் பந்தயம் வைத்தார்கள். ஏறத்தாழ 2 மைலில் 1,300 அடி இறக்கம். பிரேக், பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளே பிடிக்கிற ரகம். கீழே வருவதற்குள் குடத்திலிருந்த கிரீஸ் புகைந்து போய்விடும். புதிதாகத் திணித்தால்தான் மறுபடி ஓடும். அதனாலேயே அந்தப் பாதைக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்துவிட்டது. பிறகு சக்கர வளையத்தைக் கவ்வும் பிரேக்குகளும், அவற்றை இழுக்க மோட்டார் சைக்கிளின் நீண்ட லீவர்களும் வந்தன. முழுக் கையாலும் இழுக்க வேண்டும். 1996-இல் ஷிமானோ கம்பெனி 'வி-பிரேக்' என்பதைக் கொண்டுவந்தபோது இரண்டு விரல் போதும் என்றாயிற்று. எண்ணெய் டிஸ்க் வந்தபின் ஒரு விரல். மலைச்சைக்கிளின் சரித்திரத்தைப் பார்த்தால், லீவர் குட்டையாகிக்கொண்டே வந்திருக்கிறது. மீதி விரல்களை ஹாண்டில்பாருக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். நிறுத்துவதற்கும் பிடித்துக்கொள்வதற்கும் ஒரே கைதான் இருக்கிறது என்ற சங்கடத்தை அவர்கள் இருபது வருஷம் யோசித்துத் தீர்த்திருக்கிறார்கள். நான் அதைத் தைரியப் பிரசங்கத்தால் தீர்க்கப் பார்த்தேன்.

கோத்தகிரி திரும்பிய மறுநாள், முதலில் முற்றத்தில் நின்றபடியே பத்து முறை அழுத்திப் பார்த்தோம். சமதரையில் ஓட்டி நிறுத்திப் பார்த்தோம். அப்புறந்தான் அதே சரிவு. நான் வளைவில், பள்ளத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். என் சரீரம் தடுப்புச் சுவருக்கு ஓரளவு சமானம் என்ற நம்பிக்கை.

பாப்பா இறங்கி வந்தாள். இரண்டு ஆள்காட்டி விரல்களும் லீவர்களின்மேல் சும்மா கிடந்தன. பாதி தூரத்தில் அவை லேசாக மடங்கின. சைக்கிள் தயங்கியது. அவள் விரலை விட, மறுபடி ஓடியது. மறுபடி மடக்க, மறுபடி தயங்கியது. பேச்சுக்குப் பதில் பேசுகிற மாதிரி, அவள் விரல் சொல்வதற்கெல்லாம் சக்கரம் பதில் சொல்லிக்கொண்டு வந்தது. என் கால் கட்டைவிரலுக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றாள்.

"எட்டுது மாமா" என்றாள்.

அன்று மாலை ஐந்து முறையோ ஆறு முறையோ இறங்கினாள். இருட்டியதும் சைக்கிளைத் தாழ்வாரத்தில் சாத்திவிட்டு உள்ளே போனாள். நான் ஈஸிசேரில் இருந்தேன். தங்கை புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சைக்கிளின் பக்கத்தில் நின்றாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தோ என்னவோ, வலதுகைப் பிடியைப் பிடித்து ஒரு விரலை நீட்டி லீவரில் வைத்தாள். மெதுவாக இழுத்தாள். விட்டாள். மறுபடி இழுத்தாள்.

"இவ்வளவு கிட்டத்தில் இருக்குமா, அண்ணா?" என்றாள், என் பக்கம் திரும்பாமலே.

"கைக்குத் தக்கபடி வைத்துக்கொள்ளலாமாம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "பாலத்துச் சரிவில் விழுந்தேனே, அன்றைக்கும் எட்டவில்லை என்றுதானே உன்னிடம் சொன்னேன்" என்றாள்.

அவள் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. வைக்கோல் வண்டி நினைவிருக்கிறது. நான் சிரித்தது நினைவிருக்கிறது. அவள் சொன்னது மட்டும் நினைவில்லை.

'அப்பாவின் சைக்கிளில் அதற்கென்று ஒரு திருகு கிடையாதே, அம்மா' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வாயைத் திறந்தேன். நல்ல வேளை, நிறுத்திக்கொண்டேன்.